கூரைச் சட்டமும் தச்சுப் பட்டறையும்

வீடு கட்டுவோர் அத்திவாரத்தைப் பற்றிக் கவலை கொள்வர். சுவரைப் பற்றிப் பெருமை கொள்வர். வாசற் கதவின் வேலைப்பாட்டைப் பற்றி அயலவரோடு உரையாடுவர். கூரையைப் பற்றியோ, அது ஒழுகத் தொடங்கும் நாள்வரை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் வெயிலையும் மழையையும் காற்றையும் இரவு பகலாகத் தாங்கி நிற்பது அதுவே. ஓடுகளின் பாரம் முழுவதையும் சுமந்து, அதனைச் சுவரின்மேல் ஒழுங்காக இறக்கிவைக்கும் கடமை கூரை மரங்களுக்கு உரியது. அம்மரங்கள் எங்ஙனம் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன, அப்பிணைப்பைப் பட்டறையிலேயே விரைவாகவும் பிழையின்றியும் செய்து முடிப்பது எப்படி என்பனவற்றை அறிந்துகொள்வது, தச்சுத் தொழில் செய்வாருக்கு மட்டுமன்றி, தமக்கென ஒரு வீடு கட்ட எண்ணும் எவருக்கும் பயன் தருவதாகும்.

முதலில், கூரையின் பாரம் எவ்வழியே இறங்குகின்றது என்பதைக் காண்போம். இரண்டு பலகைத் துண்டுகளை மேசைமேல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, அவை சேரும் உச்சியை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். உச்சி கீழே இறங்கும். பலகைகளின் அடிகள் இரண்டும் வெளிப்புறமாக வழுக்கிச் செல்லும். கூரையின் கைமரங்களும் இதையே செய்கின்றன. அவை பாரத்தைக் கீழ்நோக்கி இறக்குவதோடு நில்லாமல், சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளுகின்றன. பழைய வீடுகள் சிலவற்றில் சுவர் மேற்பகுதியில் வெடித்து வெளியே சாய்ந்து நிற்பதற்கு இத்தள்ளுகையே பெரும்பாலும் காரணமாகும். இப்போது அவ்விரு பலகைகளின் அடிகளையும் ஒரு நூலால் பிணைத்துவிட்டு மறுபடியும் உச்சியை அழுத்தினால், நூல் விறைக்குமேயன்றிப் பலகைகள் அசையமாட்டா. கூரைச் சட்டத்தின் இரகசியம் முழுவதும் இந்த நூலில் அடங்கியிருக்கின்றது. நூலின் இடத்தில் ஒரு மரத்தை வைத்தால் அது அடிவளையாகிறது. சாய்ந்த கைமரங்கள் இரண்டு, அவற்றின் அடிகளைப் பிணைக்கும் அடிவளை ஒன்று. இம்மூன்றும் சேர்ந்த முக்கோணமே கூரைச் சட்டம். ஆங்கிலச் சொல்லை எடுத்தாள்வோர் இதனை 'ட்ரஸ்' என்பர்.

இத்தள்ளுகையின் அளவு கூரையின் சாய்வைப் பொறுத்தது. உச்சியில் 1000 கிலோகிராம் பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைமரங்கள் 45 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வோர் அடியிலும் வெளித்தள்ளுகை 500 கிலோகிராம் ஆகும். சாய்வு 30 பாகையாகக் குறைந்தால் தள்ளுகை ஏறத்தாழ 866 கிலோகிராம் ஆகும். சாய்வை 15 பாகையாகத் தாழ்த்திவிட்டால் அது 1866 கிலோகிராமுக்கு ஏறிவிடும். பாரம் ஒன்றே, ஆனால் கூரை தாழத் தாழ அடிவளையின் இழுவையும், மூலைப் பொருத்தின் தொல்லையும் வளர்கின்றன. மரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கூரையை வெகுவாகத் தாழ்த்துவோர் இக்கணக்கை மறந்துவிடக் கூடாது.

முக்கோணத்திற்கு மட்டும் இத்தகைய உறுதி ஏன் உண்டாகிறது? கிராமத்து வேலியிலுள்ள படலையை நினைத்துப் பார்த்தால் விடை எளிதில் விளங்கும். நான்கு சட்டங்களை மட்டும் சேர்த்துச் செய்த படலை சில நாட்களில் ஒரு பக்கம் தொங்கிவிடும். மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டத்தை வைத்து ஆணி அடித்துவிட்டால், அதே படலை ஆண்டுக் கணக்கில் நிமிர்ந்து நிற்கும். நான்கு பக்கமுள்ள உருவம், அதன் பக்கங்களின் நீளம் மாறாமலேயே, சரிந்து வேறு உருவமாகலாம். மூன்று பக்கமுள்ள உருவமோ, ஏதேனும் ஒரு பக்கம் முறிந்தாலன்றி அல்லது பொருத்து விட்டுப் போனாலன்றி, தன் உருவத்தை மாற்றிக்கொள்ளாது. ஆதலினாற்றான் கூரைச் சட்டங்கள் எவ்வளவு பெரியனவாயினும், அவற்றை ஆராய்ந்து பார்த்தால் சிறு சிறு முக்கோணங்களின் கூட்டமாகவே காணப்படுகின்றன.

மரக்கூரைச் சட்டங்களுள் பழமையானது, நடுக்கால் வைத்த சட்டமாகும். கைமரங்கள் சேரும் முகட்டிலிருந்து அடிவளையின் நடுவரை ஒரு மரம் நேராக இறங்கும். அது அடிவளையின்மேல் நின்று முகட்டைத் தாங்குகிறது என்றே பார்ப்பவர் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. முகட்டிலிருந்து தொங்கிக்கொண்டு, அடிவளை நடுவே தொய்ந்துவிடாமல் அதனைத் தூக்கிப் பிடிப்பதே நடுக்காலின் வேலை. அது அழுத்தப்படும் தூணன்று. இழுக்கப்படும் கயிறு போன்றது. அதன் அடியிலிருந்து இருபுறமும் எழும் உதைகால்கள் கைமரங்களின் நடுவைத் தாங்குகின்றன. இதனை அறியாத ஒருவர், நடுக்காலை அடிவளையின்மேல் வெறுமனே நிறுத்தி வைத்துவிட்டால், அடிவளை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து வளைந்துபோகும். எந்த மரம் அழுத்தப்படுகின்றது, எந்த மரம் இழுக்கப்படுகின்றது என்ற அறிவே கூரைத் தச்சின் அரிச்சுவடி எனலாம். அழுத்தப்படும் மரம் தன் தலையைச் சரியாக முட்டி நின்றாற் போதும். இழுக்கப்படும் மரத்திற்கோ பொருத்து இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும்.

முக்கோணச் சட்டத்தின் ஆயுளுக்குச் சான்று வேண்டுமாயின், எகிப்து நாட்டில் சினாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனாள் மடாலயத்தைக் கூறலாம். அங்குள்ள தேவாலயத்தின் கூரை மரங்களிற் பொறிக்கப்பட்டுள்ள வாசகங்களைக் கொண்டு, அவை உரோமப் பேரரசன் யுஸ்தீனியன் காலத்தில், கி.பி. 548ஆம் ஆண்டுக்கும் 565ஆம் ஆண்டுக்கும் இடையில் அமைக்கப்பட்டவை என அறிஞர் துணிந்துள்ளனர். அம்மரச் சட்டங்கள் பதினான்கு நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் தம் இடத்திலேயே இருக்கின்றன. வறண்ட காற்றும், கறையான் அண்டாத சூழலும் அதற்குத் துணைசெய்தன என்பது உண்மையே. ஆயினும் பிணைப்பு முறை சரியாக இராவிடின் அவை என்றோ விழுந்திருக்கும்.

பழைய தச்சர்கள் இச்சட்டங்களை எங்ஙனம் செய்தனர்? ஐரோப்பாவின் இடைக்காலத் தச்சர்கள், பெரிய கூரையொன்றை அமைக்கும்போது, மரங்களை முதலில் தரையிலே கிடத்தி, அங்கேயே அளந்து வெட்டிப் பொருத்திப் பார்த்தனர். ஒவ்வொரு பொருத்திலும் சேரும் மரங்களுக்கு உளியால் எண் பொறித்தனர். பின்னர் அனைத்தையும் கழற்றி, கட்டட இடத்திற்குக் கொண்டுசென்று, எண் பார்த்து மேலே பூட்டினர். உயரத்தில் நின்று அளப்பதைவிடத் தரையில் நின்று அளப்பது எளிது என்ற உண்மையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும் அவர்களுடைய முறையில் ஒவ்வொரு பொருத்தும் தனித்தனியே கொத்தப்பட்டது. ஒரு துளைக்கென வெட்டிய நாக்கு மற்றொரு துளைக்குப் பொருந்தாது. எண் பொறிக்க வேண்டிய தேவை ஏற்பட்டதற்கும் அதுவே காரணம். மேலும், துளையும் நாக்கும் கொத்தும் பொருத்திலே மரத்தின் ஒரு பகுதி வெட்டி எறியப்படுவதால், மிஞ்சுவது போதிய பலத்தோடு இருக்கவேண்டுமென மரத்தையே பருமனாக எடுக்க நேர்ந்தது. நல்ல மரமும் கைத்திறனும் மலிந்திருந்த காலத்திற்கு அது பொருத்தமான முறையே.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது நிலைமை மாறியிருந்தது. குண்டுவீச்சினால் வீடுகளை இழந்த மக்கள் ஒரு புறம். போர்முனையிலிருந்து திரும்பிக் குடும்பம் அமைக்க விரும்பிய இளைஞர் மறு புறம். வீடுகளோ போதவில்லை. வெளிநாட்டு மரத்தையே பெரிதும் நம்பியிருந்த பிரித்தானியாவில், 1950களின் தொடக்கம்வரை கட்டட மரம் அரசின் அனுமதிக்கு உட்பட்டே வழங்கப்பட்டது. அங்கிருந்த மர வளர்ச்சிச் சங்கம், குறைந்த மரத்தால் நிறைந்த பலம் பெறும் கூரைச் சட்டங்களை வரைந்து வெளியிட்டது. மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இடையே பற்களுள்ள இரும்பு வில்லைகளை இட்டு, ஆணிக்குப் பதிலாகத் திருகுப்பூட்டுகளால் முடுக்குவது அவற்றின் முறை. அக்காலத்திலேயே அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1944இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சிறு வீடுகள் மன்றம், ஒரே தளத்தில் முட்டி நிற்கும் மரங்களின் இருபுறமும் ஒட்டுப்பலகைத் துண்டுகளைப் பசை தடவி ஆணி அறைந்து பிணைக்கும் முறையைப் பரப்பிற்று.

இம்முயற்சிகளின் அடுத்த படி, புளோரிடா மாநிலத்திலே எடுத்து வைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டில் கரோல் சான்போர்ட் என்பவர், ஒட்டுப்பலகைக்குப் பதிலாக, பற்கள் நீட்டிய உருக்குத் தகட்டைப் பயன்படுத்தலானார். அத்தகட்டைப் பதித்தபின் மேலும் சில ஆணிகளைக் கையால் அடிக்க வேண்டியிருந்தது. 1955இல் மயாமி நகரத்துப் பொறியியலாளர் கால்வின் ஜூரைட் என்பவர், பற்களை நெருக்கமாகவும் நீளமாகவும் அமைத்து, வேறு ஆணியே வேண்டாத தகட்டை ஆக்கினார். நாக முலாம் பூசிய அத்தகட்டிலே, பற்கள் தகட்டிலிருந்தே குத்தி மடக்கப்பட்டிருக்கும். அதனைப் பொருத்தின் இரு முகங்களிலும் வைத்து அமுக்கியால் ஒரே முறை அழுத்தினால் வேலை முடிந்தது. துளையில்லை, நாக்கில்லை, உளியில்லை. மரம் எங்கும் வெட்டிக் குறைக்கப்படாமையால், மெல்லிய பலகையும் முழுப் பலத்தோடு நின்றது. கூரை வேலை கட்டட இடத்தை விட்டுப் பட்டறைக்குக் குடிபெயர்ந்தது இத்தகட்டின் பின்னரே ஆகும்.

அப்பட்டறைகளில் மிகுதியாகச் செய்யப்படும் சட்டம், ஆங்கிலத்தின் 'டபிள்யூ' எழுத்தைப் போன்ற உட்புறத்தை உடையது. செருமனியிற் பிறந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த அல்பேட் பிங்க் என்னும் பொறியியலாளர் 1854இல் பாலங்களுக்கெனக் காப்புரிமை பெற்ற முறையோடு தொடர்புடையதாதலின், அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. அதில் ஒவ்வொரு கைமரமும் நடுவில் ஓர் உதைகாலால் தாங்கப்படும். அடிவளை மூன்று பங்காகப் பிரிக்கப்படும். தாங்குவோரின்றிக் கிடக்கும் நீளம் பாதியாகக் குறைந்தால், பரவிய பாரத்தால் மரத்தில் ஏற்படும் வளைப்பு விசை நாலில் ஒரு பங்காகக் குறைகின்றது. இரண்டுக்கு நான்கு அங்குலம் என வழங்கும் சிறு பலகைகளைக் கொண்டு முப்பது அடி அகலத்தைக் கடக்க முடிவதன் காரணம் இதுவே.

இனிப் பட்டறைக்குள் நுழைவோம். நாற்பது அடி நீளமுள்ள வீடொன்றுக்கு, இரண்டு அடிக்கு ஒரு சட்டமாக வைத்தால், இருபது இடைவெளிகளுக்கு 21 சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் கைமரம் இரண்டு. நடுவிற் பொருத்திய அடிவளைத் துண்டுகள் இரண்டு. குட்டை உதைகால்கள் இரண்டு. முகட்டுக்கு ஏறும் நெட்டைச் சட்டங்கள் இரண்டு. ஆக எட்டு மரங்கள். 21 சட்டங்களுக்கும் 168 மரங்கள் வெட்ட வேண்டும். பொருத்துகளும் எட்டு, ஒவ்வொன்றுக்கும் இரு முகங்களிலும் தகடு வைப்பதால், மொத்தம் 336 தகடுகள் வேண்டும். இத்தொகையைக் கேட்ட மாத்திரத்தில் மலைப்பாகத் தோன்றும். ஆனால் அந்த 168 மரங்களையும் உற்று நோக்கினால், அவை நான்கே வகையின. ஒவ்வொரு வகையிலும் 42 மரங்கள். இதனைக் கண்டுகொள்வதே பட்டறை வேலையின் முதற் படி.

அனுபவமில்லாத தச்சர் ஒரு சட்டத்துக்கு வேண்டிய எட்டு மரங்களையும் வெட்டி, பூட்டி, அதன்பின் இரண்டாவது சட்டத்தைத் தொடங்குவார். அவர் ஒவ்வொரு முறையும் வாளின் கோணத்தை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவுகோலை எடுக்க வேண்டும். அளவெடுக்குந்தோறும் பிழை புகுவதற்கு ஒரு வாயில் திறக்கின்றது. தேர்ந்தவரோ வாளை ஒரு கோணத்தில் நிறுத்தி, மரத்தின் நுனி முட்டும் இடத்தில் ஒரு கட்டையை இறுக அறைந்துவிட்டு, 42 கைமரங்களின் ஒரு நுனியை முதலில் வெட்டி முடிப்பார். பின்பு மறு நுனிக்கான கோணத்தை நிறுத்தி 42ஐயும் வெட்டுவார். அளப்பது ஒரே முறை. வெட்டுவது நாற்பத்திரண்டு முறை. முட்டுக்கட்டையின் அருகே மரத்தூள் சேர்ந்தால் மரம் சற்றே விலகி நிற்கும். ஆதலின் ஒவ்வொரு முறையும் தூளைத் துடைத்துவிட வேண்டும். இத்தகைய சிறு கவனங்களே நேரத்தையும் மரத்தையும் காப்பன.

மரம் வெட்டுமுன் அதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஈர மரம் உலரும்போது சுருங்கும். சுருங்கினால் பொருத்து விலகும். பல் தன் பிடியை விடும். அமெரிக்க வழக்கில், ஈரம் 19 வீதத்துக்கு மேற்படாத மரமே உலர்ந்த மரமெனக் கொள்ளப்படுகின்றது. தகடு அமரும் இடத்திலே கணுவோ வெடிப்போ இருத்தலாகாது. முறுக்கேறிய பலகையை நேர்ப்படுத்தி அமுக்கினாலும், அமுக்கி விலகியபின் அது தன் முறுக்குக்கே திரும்பி, சட்டம் முழுவதையும் கோணலாக்கிவிடும். அத்தகைய பலகைகளை ஒதுக்கிவைத்து, குட்டை உதைகால்களுக்கு வெட்டிக்கொள்வது வழக்கம். சிறு நீளத்தில் முறுக்கு தெரியாது.

அடுத்தது அச்சு மேசை. பட்டறையின் உயிர்நாடி அதுவே. இடுப்பளவு உயரமுள்ள அகன்ற மேசையொன்றில், சட்டத்தின் முழு உருவமும் முழு அளவில் வரையப்படுகின்றது. கோடுகளின் ஓரமாகச் சிறு மரக்கட்டைகள் அறையப்படுகின்றன. வெட்டிய மரங்களை அக்கட்டைகளுக்கிடையே வைத்தால், அவை தாமாகவே தம் இடத்தில் விழுகின்றன. ஒருவரும் அளக்க வேண்டுவதில்லை. முதற் சட்டம் முடிந்ததும் அதனை உடனே நம்பிவிடக் கூடாது. அதனைத் தூக்கி, வலம் இடமாகத் திருப்பி, மறுபடியும் அதே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இரு பாதிகளும் சமமாயின் அது கட்டைகளுக்குள் அமைதியாக அமரும். சமமில்லையாயின் பிழை இரட்டிப்பாகி வெளியே தெரியும். அளவுகோல் காட்டாத பிழையையும் இச்சோதனை காட்டிவிடும்.

இங்கே வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். மேசை செய்யச் சோம்பி, முதற் சட்டத்தின்மேல் இரண்டாவதையும், இரண்டாவதன்மேல் மூன்றாவதையும் வைத்துப் படியெடுப்பவர் உளர். ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஒரே பக்கம் விலகினால், இருபது முறை படியெடுத்தபின் அவ்விலகல் ஒன்றேகால் அங்குலமாகிவிடும். கடைசிச் சட்டத்தை மேலே ஏற்றியபின்னரே முகடு வளைந்திருப்பது கண்ணிற் படும். எல்லாச் சட்டங்களும் ஒரே மூலத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பது மாற்றமுடியாத விதி.

மரங்கள் அச்சில் அமர்ந்தபின் தகடுகள் வைக்கப்படுகின்றன. விசை மிகுந்த சுவரோர மூலைகளுக்குப் பெரிய தகடும், உட்பொருத்துகளுக்குச் சிறிய தகடும் வேண்டும். மரங்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். இடையே வெளியிருப்பின் அழுத்தம் மரத்திலிருந்து மரத்திற்குச் செல்லாமல் தகட்டை வளைக்க முற்படும். தகடுகளை நீரியல் அமுக்கியால் அல்லது கனத்த உருளையால் பதிப்பதே முறை. சம்மட்டியால் அடித்தால் பற்கள் ஒரே சீராக இறங்காமல் வளைந்துவிடும். வளைந்த பல்லின் பிடி எவ்வளவு என்று கூற எவராலும் இயலாது.

மரம் ஒரு வாயிலால் நுழைந்து, வாளையும் மேசையையும் அமுக்கியையும் கடந்து, சட்டமாக மறு வாயிலால் வெளியேறும்படி பட்டறை அமைந்திருத்தல் நன்று. ஒரு தொழிலாளி நாள் முழுவதும் மரத்தைத் தேடி நடந்த தூரத்தை அளந்தால், வேலையிற் போன நேரத்தைவிட நடையிற் போன நேரம் மிகுதியாக இருப்பதைக் காணலாம். வெட்டிய துண்டுகளை வகை வகையாக, எடுக்கும் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கிவைப்பது செலவில்லாத சிக்கனம். முடிந்த சட்டத்தைத் தூக்கும்போது நிமிர்த்தியே தூக்க வேண்டும். படுக்கை நிலையில் இருவர் இரு நுனிகளைப் பிடித்துத் தூக்கினால் அது நடுவில் தொய்ந்து, அமுக்கியால் இறங்கிய பற்கள் சிறிது சிறிதாக வெளியேறும்.

நீரியல் அமுக்கியும் பற்றகடும் இல்லாத சிறிய பட்டறைக்கு இவ்வழி அடைபட்டதோ? இல்லை. ஒட்டுப்பலகையும் பசையும் ஆணியும் கொண்டு செய்யும் முறை அங்கே பொருந்தும். அச்சு மேசை, முட்டுக்கட்டை, வகை வகையாக வெட்டுதல் ஆகிய மூன்றும் அங்கேயும் அவ்வாறே பயன்படும். இலங்கையிற் கிடைக்கும் பாலை, முதிரை போன்ற வைர மரங்களில் துளையிடாமல் ஆணி அறைந்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். ஆதலின் அச்சோடு சேர்த்துத் துளைக்கும் வார்ப்புப் பலகையொன்றையும் செய்துகொண்டு, துளையிட்டுத் திருகுப்பூட்டால் முடுக்குவது தக்கது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாகக் கைமரமாக வழங்கிவரும் பனைக்கு வெளிப்புறமே வைரம், உட்புறம் சோறு. பொருத்தும் பூட்டும் வைரத்திலேயே பிடிக்குமாறு அமைய வேண்டும் என்பதை அவ்வூர்த் தச்சர் நன்கு அறிவர். மற்றொன்றும் மறக்கற்பாலதன்று: அமெரிக்கக் கூரைகள் பலவற்றின்மேற் கிடக்கும் தார் பூசிய மெல்லிய தகடுகளைவிடச் சுட்ட மண் ஓடு பல மடங்கு பாரமானது. அந்நாட்டுப் படத்தை அப்படியே படியெடுத்து, அதே பருமனான பலகையால் சட்டஞ்செய்து, ஓட்டை ஏற்றுவது ஆபத்தை வீட்டுக்குள் அழைப்பதாகும். சட்டங்களின் அளவையும் இடைவெளியையும் அறிந்த பொறியியலாளர் ஒருவர் கணித்துத் தருவதே முறை.

பட்டறையில் எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும், சட்டம் கூரையாவது மேலே ஏறியபின்னரேயாகும். கூரைச் சட்டம் தன் தளத்திலே மிகப் பலமுள்ளது. பக்கவாட்டிலோ ஒரு தாளைப் போல மெலிந்தது. சுவரின்மேல் நிறுத்திய சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் உடனுக்குடன் பிணைக்காவிடின், ஒன்று சரிய அதன்பின் ஒன்றாக அனைத்தும் சரியும். நீளவாட்டில் ஓடும் சட்டங்கள் மட்டும் போதா. அவை எல்லாச் சட்டங்களையும் ஒருங்கே சரியவிடும். படலைக்கு வைத்தது போன்ற மூலைவிட்டச் சட்டம் அங்கேயும் வேண்டும்.

இப்பாடம் பெருவிலை கொடுத்தே கற்கப்பட்டது. பற்றகடு பிறந்த அதே புளோரிடாவின் தென்பகுதியை, 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் அன்ட்ரூ என்னும் சூறாவளி தாக்கிற்று. அழிவை ஆராய்ந்தவர்கள் கண்டது யாது? பல வீடுகளில் பட்டறையிற் செய்த சட்டங்கள் முறியவில்லை. வீட்டின் இரு ஓரங்களிலும் முக்கோணமாக எழும் முகப்புச் சட்டங்களுக்குக் குறுக்குப் பிணைப்பு இல்லாதிருந்தது. கூரைப் பலகைக்கு அடித்த ஆணிகள் பல இடங்களில் சட்டத்திலே பிடிக்காமல் ஓரமாகத் தப்பியிருந்தன. காற்று முகப்பைத் தள்ளி உள்ளே நுழைந்தது, பலகை கழன்றது, மழை வீட்டை நிறைத்தது. விரைவாகச் செய்யப்பட்ட சட்டம் நின்றது. விரைவாகப் பூட்டப்பட்ட கூரை நிற்கவில்லை.

இலங்கை மக்களுக்கும் இது தொலைவிலுள்ள கதையன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரையிழந்த வீடுகளை நினைவில் வைத்திருப்போர் கிழக்கில் இன்றும் உளர். கூரை பாரத்தால் கீழே விழுவதற்கே நாம் அஞ்சுகிறோம். சூறைக்காற்றிலோ அது மேல்நோக்கித் தூக்கப்படுகின்றது. கூரையைக் கடந்து விரையும் காற்று அதன் மேற்புறத்தை உறிஞ்சி இழுக்கின்றது. உடைந்த யன்னல்வழியே நுழையும் காற்று உட்புறத்திலிருந்து தள்ளுகின்றது. அவ்வேளையில் ஓட்டின் பாரம் ஒன்றே போதிய பிடியாகாது. சட்டத்தைச் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் பிணைத்திருந்தால் மாத்திரமே கூரை வீட்டோடு நிற்கும். அப்பட்டியின் விலை கூரைச் செலவில் மிகச் சிறிய பங்கே.

பற்றகட்டுச் சட்டத்திற்கு வேறு இரு பலவீனங்களும் உண்டு. பற்கள் மரத்துக்குள் இறங்கியிருப்பது எட்டு அல்லது பத்து மில்லிமீற்றர் ஆழமே. தீயிலே மென்மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் ஆழம் கரியாகின்றது. ஆகவே கால் மணி நேரத்திற்குள் பல் பிடித்திருந்த மரம் கரியாகிவிடும். பருத்த மரம் அந்நேரத்தில் மேற்புறம் மட்டுமே கருகியிருக்கும். தீயணைப்போர் இத்தகைய கூரையின்கீழ் நுழைய அஞ்சுவதன் காரணம் இதுவே. இரண்டாவது பலவீனம் மனிதரால் வருவது. தண்ணீர்த் தொட்டி வைக்க இடம் போதவில்லையென, உட்சட்டங்களில் ஒன்றை வாளால் அறுத்துவிடுவோர் உளர். மெலிந்து தோன்றும் அம்மரம் வெறும் அலங்காரம் என எண்ணுவதே இப்பிழையின் மூலம். ஒரு முக்கோணம் அறுபட்டால் சட்டம் முழுவதும் தன் உருவத்தை இழக்கும். தேவையற்ற மரமொன்று அங்கே வைக்கப்பட்டிராது என்பதை வீட்டுக்காரரும் அறிந்திருக்க வேண்டும்.

இம்முறை வந்தபோது, தச்சனுடைய கலை அழிந்தது என்று வருந்தியவர்களும் இருந்தனர். உளியும் கொட்டாப்புளியும் ஓய்ந்த பட்டறையைக் காணும்போது அவ்வருத்தம் நியாயமானதாகவே தோன்றும். ஆயினும் கலை இடம் மாறியதேயன்றி மறையவில்லை. முன்பு அது ஒவ்வொரு பொருத்திலும் பரந்து கிடந்தது. இப்போது அச்சு மேசையில் வரையும் முதற் கோட்டில் குவிந்திருக்கின்றது. பழைய தச்சன் ஒரு பொருத்திற் பிழைத்தால் ஒரு பொருத்தே பிழைத்தது. இன்றைய பட்டறையில் அச்சு பிழைத்தால் இருபத்தொரு சட்டங்களும் பிழைக்கின்றன. ஆதலின் முன்னையினும் இப்போதுதான் தேர்ந்த கண்ணும் பொறுமையும் மிகுதியாக வேண்டப்படுகின்றன. முதற் சட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பதற்குச் செலவாகும் அரைமணி நேரத்தை வீணென்று கருதாத பட்டறையே, கடைசிச் சட்டத்தை ஏற்றி முடிக்கும் நாளில் முந்தி நிற்கும்.